ரைனா செத்த படம்

எங்கள் ஒரெஷினா கிராமத்தில் ரைனா செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதுதான் வேலியோரம் வந்து என்னிடம் இரண்டு கை உப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

பயப்பட வேண்டாம். அவள் செத்தது ஒரு சினிமாவில். ரத்தம் ஆறாக ஓடும் பேய்ப்படம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஓடியது உண்மை, ஆனால் அது ரத்தமும் இல்லை, பார்த்தவன் ஒருவனும் பயப்படவும் இல்லை. ஒருவனைத் தவிர. அவனைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரைனாவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம், என் வீடு இந்தப் பக்கம். நான் ஊருக்கு முடி வெட்டுகிறவள். அவள் முப்பத்தோரு வருஷம் ஊருக்குத் தபால் கொடுத்தவள். கடிதத்தைப் பிரிக்கமாட்டாள், சத்தியமாகப் பிரிக்கமாட்டாள். உறையைத் தடவிப் பார்த்தே, "உங்க பொண்ணு கிறிஸ்துமஸுக்கு வரல போலிருக்கே" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். பாதி ஊர் அவளைத் திட்டும், மீதி ஊர் அவளுக்காக வாசலில் காத்திருக்கும்.

தபாலோடு இன்னொரு வேலையையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊரில் யார் செத்தாலும் அஞ்சலித் தாள் ஒட்டுவது. படம், பெயர், தேதி, கறுப்புக் கட்டம் போட்ட தாள். வீட்டு வாசலில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, ரொட்டிக் கடைச் சுவரில் ஒன்று. கோதுமை மாவில் அவளே பசை காய்ச்சுவாள். அவள் ஒட்டினால் ஒட்டியதுதான், காளை மாடு இழுத்தாலும் வராது. ஒட்டியதை யாரும் கிழிக்கவும் கூடாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் ரைனா அதைச் சட்டமாகவே வைத்திருந்தாள். ஒட்டுவது மனுஷன், எடுப்பது மழை. ஒருமுறை ஊராட்சித் தலைவர் பழைய தாள் ஒன்றைச் சுரண்டப் போய், தபால்காரியிடம் வாங்கிய வசவில் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லா வீட்டுக்குள்ளயும் போய்ப் பாத்துட்டேன், அதான்" என்பாள். சொந்தம் என்று ஒரே ஒரு தம்பி, தெல்சோ. பக்கத்து லோவெச் நகரத்தில் பூட்டு, சாவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பேருந்தில் ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷத்தைக் கடக்க அக்காளுக்கும் தம்பிக்கும் பதினேழு வருஷம் ஆனது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மிளகாய்த் தொக்கு. லூதெனித்சா என்று நாங்கள் சொல்லும் அதுதான். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு அண்டாவில் நாள் முழுக்கக் கிண்டி, குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவிச் சாப்பிடுவோம். என் கணவர் திமிதரின் பெயர்நாள், அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் விருந்து, என் வீடு, என் மேஜை. ரைனா தன் தொக்கைக் கொண்டுவந்து வைத்தாள். தெல்சோ ஒரு வாய் தின்றுவிட்டு, இருபது பேர் முன்னால், "அம்மா செஞ்சா விரல நக்கலாம். இது உப்பில்லாப் பண்டம், குப்பையிலேதான்" என்றான். அம்மா போய் அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரைனா எழுந்தாள். கிண்ணத்தை எடுத்தாள், அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் எழுந்து போனவன்தான். என் விரிப்பில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்ததில்லை.

இரண்டு பேரும் ஒரே மரத்துக் கட்டைகள். "அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்பாள் இவள். அங்கே அவனும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு செப்டம்பரிலும் அண்டா ஏற்றும்போது, "உப்பு பாரு ஸ்தான்கா" என்று எனக்கு ஒரு கரண்டி நீட்டுவாள். சரியாக இருக்கிறது என்று நான் சொன்னாலும் நம்பமாட்டாள். சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை, அதுதான் விஷயம்.

போன செப்டம்பரில் அப்படி அவள் அண்டா கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் தலைநகர் சோஃபியாவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஆறு பேர், ஒரு பழைய வேன், ஒரு கேமரா. இயக்குநர் பெயர் காலோயன், முப்பது வயது தாண்டியவன், வெயிலிலும் கறுப்புக் கோட்டு. படத்தின் பெயர் 'கிணற்றடிக் கசாப்புக்காரன்'. முகத்தில் சாக்கு மாட்டிய ஒருவன் கோடாலியால் ஏழு பேரைக் கொல்கிறான். ஏன் கொல்கிறான் என்று திமிதர் கேட்டதற்கு, அது இரண்டாம் பாகத்தில் வரும் என்றான் காலோயன்.

அவன் கொண்டுவந்த ரத்தம் இளஞ்சிவப்பாக, குழந்தைக்குக் கொடுக்கும் இருமல் மருந்து மாதிரி இருந்தது. அதுவும் முதல் கொலையிலேயே தீர்ந்துவிட்டது. மண்டையைச் சொறிந்துகொண்டு தெருவில் போனவன் வேலி வழியே ரைனாவைப் பார்த்தான். முழங்கை வரை சிவப்பு, முகத்தில் புகை, கையில் துடுப்பு மாதிரி கரண்டி. அப்படியே நின்றுவிட்டான். அந்த அண்டாவை அப்படியே கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

ரைனா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தன்னையும் கொல்ல வேண்டும், சொந்தப் பெயரிலேயே கொல்ல வேண்டும், படம் லோவெச் தியேட்டரில் ஓட வேண்டும். காலோயன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். சரி என்று சொல்வதற்கென்றே பிறந்த வாய் அது.

எனக்குத் தாங்கவில்லை. இந்த வயசில் உனக்கு எதற்கடி கோடாலிச் சாவு என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்.

"அவன் சினிமாப் பைத்தியம், ஸ்தான்கா. லோவெச்சுல எந்தப் படம் வந்தாலும் மொத ஆளா போவான். நான் சாகறத அவன் பாக்கணும். அப்பவாச்சும் பஸ் ஏறி வரானான்னு பாப்போம்."

படத்தில் பேருந்து நிறுத்தத்தைக் காட்டும் ஒரு காட்சி உண்டு. செத்த ஏழு பேரின் அஞ்சலித் தாள்களும் வரிசையாக இருக்க வேண்டும். ஆறு தாள்களில் காலோயனின் நண்பர்கள் படம், கற்பனைப் பெயர். ஏழாவதில் ரைனாவின் தபால் அடையாள அட்டைப் படம், ரைனாவின் பெயர், செப்டம்பர் பதினாறு என்று தேதி. அவர்கள் தங்கள் தாள்களை ஒட்டுநாடாவில் ஒட்டினார்கள். ரைனாவுக்கு அது பிடிக்குமா? வீட்டுக்குப் போய் பசை காய்ச்சி எடுத்து வந்து, தன் தாளைத் தானே நான்கு மூலையும் தேய்த்து ஒட்டினாள். நான் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டேன்.

கொலைக் காட்சியை எடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். கசாப்புக்காரனாக வந்த நடிகன் கோடாலியை ஓங்கினான், ஒருவன் பக்கத்திலிருந்து ஒரு வாளித் தொக்கை வீசினான். அதில் பாதி நடிகன் முகத்தில். ரைனா தொக்கில் கார மிளகாயும் சேர்ப்பாள், காரம் குறையாது. சாக்குக்குள்ளிருந்து அவன் ஓவென்று அழ ஆரம்பித்தான். கிணற்றடியில் பிணமாக ரைனா கிடக்கிறாள், மேலெல்லாம் தொக்கு. செப்டம்பர் மாதம், தித்திப்பு வாசனை, சும்மா இருக்குமா குளவி? முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு ஊரில் உள்ள அத்தனையும். பிணம் முதலில் மூக்கைச் சுளித்தது, பிறகு கையை வீசியது, கடைசியில் எழுந்து வீட்டுக்குள் ஓடியது. மறுபடி எடுக்கத் தொக்கு போதவில்லை. மிச்சத்தில் மைதா மாவும் பீட்ரூட் பாகும் கலந்து இன்னொரு வாளி தேற்றினார்கள். ரைனா தலையைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவு பாவம் செய்கிறார்கள் என்று.

ஐந்தாம் நாள் வேன் கிளம்பியது. தங்கள் ஆறு தாள்களையும் உரித்து எடுத்துக்கொண்டார்கள். ஏழாவதில் ஒருவன் நகத்தை வைத்தான். ரைனா போட்ட சத்தத்தில் அவன் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஆகவே தாள் அப்படியே இருந்தது. மழை எடுக்கட்டும் என்றாள். மழை அந்த வருஷம் எங்களை மறந்தே போயிருந்தது.

நாங்கள் விடுவோமா? "உன்னைப் பத்தி பஸ் ஸ்டாப்புல நல்லபடியா எழுதியிருக்காங்க" என்பார் திமிதர். ரொட்டிக் கடையில், செத்தவங்களுக்கு வரிசை கிடையாது, முன்னாடி வா என்பார்கள். அவளும் போய் முன்னால் நிற்பாள். ஊருக்கே அது விளையாட்டு. ஆனால் லோவெச்சிலிருந்து தினமும் வந்து அந்த நிறுத்தத்தில் திரும்பும் பேருந்தின் ஓட்டுநருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இறங்குவதே இல்லை, கண்ணாடி வழியே பார்ப்பதோடு சரி. இது எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை.

அக்டோபர் இருபது வாக்கில் காலோயனிடமிருந்து செய்தி வந்தது. படம் முடிந்துவிட்டதாம். முப்பது நாளில் வெட்டி ஒட்டி முடித்ததாகப் பெருமை வேறு. லோவெச் தியேட்டர்காரர்கள் மட்டும் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களாம். அவர்களுக்குக் கலை தெரியவில்லை, திரை சின்னது, ஒலி சரியில்லை என்று அடுக்கினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதனால் எங்கள் ஊர் வாசகசாலை மண்டபத்தில் ஒரு காட்சி போடுகிறேன் என்றான்.

ரைனா அன்று முழுக்கக் கதவைத் திறக்கவில்லை. சாயங்காலம் நான் பின்பக்கமாகப் போனேன். ஊர்க்காரங்க பாத்து என்ன ஆகப்போகுது, என்னை தினமும்தான் பாக்கறாங்க என்றாள். மூக்கு சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியதாகச் சொன்னாள். வெங்காயம் கண்ணில் படவில்லை. பாவமாக இருந்தது எனக்கு. பூட்டுக்கடைக்காரன் மேல் வந்த கோபத்தில் வேலியை ஒரு உதை உதைத்தேன்.

காட்சி நாளன்று அவளை உட்காரவைத்து முடி சுருட்டிவிட்டேன். செத்தாலும் அழகாகச் சாகட்டும். மாலை ஐந்தரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வாசலில் மேஜை போட்டு ரொட்டி, வெண்பாலாடைக்கட்டி, ராக்கியா என்கிற திராட்சைச் சாராயம் எல்லாம் வைத்திருந்தோம். மேஜைக்குக் காவல் என் கணவர். ராக்கியாவுக்குப் பக்கத்தில் அவரை வைத்தது என் தப்பு.

படம் தொடங்கியது. என்ன சொல்ல? முதல் கால் மணி நேரம் ஒருவன் காட்டில் நடக்கிறான். இரண்டாவது கால் மணி நேரம் அதே காட்டில் திரும்பி நடக்கிறான். ஒரு பெண்ணைக் கொன்றார்கள், அவள் மார்பில் மிளகாய்த் தோல் ஒட்டியிருந்தது. ஒருவன் கை துண்டாகிக் கீழே விழுந்தது. அது தையல்காரியின் கடைப் பொம்மைக் கை என்று பின்வரிசையில் தையல்காரியே சொன்னாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரைனா முன்வரிசையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்ததால் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளியே ஆறு மணிப் பேருந்திலிருந்து தெல்சோ இறங்கியிருக்கிறான்.

பேருந்து ஓட்டுநர் அவன் கடைக்குச் சாவி நகல் எடுக்கப் போனவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: ஒரெஷினா தபால்காரி போய்ட்டாங்களே, தாள் பாத்தேன், செப்டம்பர் பதினாறு. அதைக் கேட்டு அவன் சாவியைப் பாழாக்கிவிட்டானாம். அடக்கத்துக்குக் கூப்பிடவில்லை என்றால் அக்காளுக்குத் தன்மேல் கோபம் அவ்வளவு என்று நினைத்துக்கொண்டான். யாருக்கும் போன் செய்ய முகமில்லை. நாளைக் கணக்குப் பார்த்து, நாற்பதாம் நாள் படையலுக்காவது போவோம் என்று கோதுமையை வேகவைத்து, சர்க்கரை தூவி, பையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். நிறுத்தத்தில் தாளைப் பார்த்தான். அக்கா வீடு பூட்டியிருந்தது. வாசகசாலை வாசலில் ரொட்டியும் ராக்கியாவும் இருந்தன. நாற்பதாம் நாள் சாப்பாட்டையும் நாங்கள் அங்கேதான் போடுவோம்.

மேஜையருகே வந்து கோதுமைப் பையை வைத்து, சாவு வீட்டில் சொல்வதைச் சொல்லியிருக்கிறான்: "கடவுள் மன்னிக்கட்டும்." உள்ளே ஓடும் படத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்த என் கணவர் பெருமூச்சு விட்டு, "மன்னிக்கட்டும்ப்பா. போ, போய் உக்காரு" என்றிருக்கிறார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு பார்த்தவனை அடையாளம் தெரியாதது போகட்டும். அவன் கையில் வெள்ளைக் கார்னேஷன் பூ பத்து இருந்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில் கொடுப்போம், செத்தவர்களுக்குத்தான் இரட்டைப்படை. அதைக்கூட எண்ணிப் பார்க்காத மனுஷனோடு நான் முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்துகிறேன்.

தெல்சோ இருட்டில் நுழைந்த நேரம், திரையில் ரைனா வாளியோடு கிணற்றுக்கு நடந்து வருகிறாள். நான்கு விநாடி, நல்ல பெரிய முகம். கோடாலி. அலறல், அது ரைனாவின் குரல்கூட இல்லை, சோஃபியாவில் யாரோ ஒரு சின்னப் பெண். கேமராக் கண்ணாடி முழுக்கச் சிவப்பு, அதில் ஒரு மிளகாய் விதை மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கசாப்புக்காரன் தேம்பித் தேம்பி அழுகிறான். பிறகு பிணம் என்று காட்டியது ஒரே ஒரு கால், தபால்காரியின் நீலக் காலுறையோடு. குளவி போக மிஞ்சியது அவ்வளவுதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. அந்தக் காலின் கட்டைவிரல் ஒருமுறை ஆடியது.

அவ்வளவுதான், மண்டபம் வெடித்தது. ரைனாவுக்காக அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

பின்னால் நாற்காலி ஒன்று விழுந்தது.

"சிரிக்கிறீங்களா? எங்கக்கா செத்து நாப்பது நாள்தான் ஆவுது. அவள வெட்டினத படம் புடிச்சுப் போட்டு, ஊரே உக்காந்து சிரிக்கிறீங்களா? மனுஷங்களாடா நீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. குரல் உடைந்திருந்தாலும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். முன்வரிசையில் நான் சுருட்டிவிட்ட தலை அசையவில்லை. திரும்பாமலேயே சொன்னாள்.

"தெல்சோ, உக்காரு. என் கால் இன்னொரு தடவ வரும்."

யாரோ விளக்கைப் போட்டார்கள். ரைனா எழுந்து திரும்பினாள். அவன் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான். நிறைய வயசாகியிருந்தது அவனுக்கு.

"செத்துட்டேன்னு ஒட்டியிருக்கு" என்றான்.

"நான்தான் ஒட்டினேன்."

"தன்னோடத யாராவது தானே ஒட்டுவாங்களாக்கா?"

"வேற யார்டா எனக்கு ஒட்டுவா? இருக்கறது ஒரே தம்பி. அவனும் பேச மாட்டேங்கறான்."

தெல்சோ நாற்காலிகளுக்கு நடுவே வந்து அவள் முன்னால் நின்றான். பூக்களை நீட்டப் போனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். ஒரு பூவை உருவினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் திணித்தான். மிச்சத்தை நீட்டினான். ரைனா முப்பத்தோரு வருஷம் கடிதங்களை எண்ணி எண்ணிப் பழகியவள், அங்கேயும் விரலால் தொட்டு எண்ணினாள். "ஒம்போது" என்றாள். பிறகு அழுதாள், வெங்காயம் எதுவும் இல்லாமல்.

படத்தின் மிச்சத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். காலோயனுக்கு மட்டும் பரம சந்தோஷம். தன் படத்தைப் பார்த்து ஒரு ரசிகர் எழுந்து அலறிவிட்டாராம். அதை விளம்பரத்தில் போடப்போவதாகச் சொன்னான். போட்டும் இருக்கிறானாம்.

அப்புறம் ரைனா வீட்டுச் சமையலறையில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். அவன் கொண்டுவந்த கோதுமையையே சாப்பிட்டோம், வீணாக்குவானேன். ரைனா ரொட்டி அறுத்தாள், அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். மூடியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்புப் பெயின்ட்டில் குறுக்குக் கோடு. சினிமாக்காரர்கள் அடையாளம் போட்டு விட்டுப்போன பாட்டில், மைதாவும் பீட்ரூட் பாகும் கலந்த ரத்தம். உப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் ரைனா என் காலை மிதித்தாள். வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறாள் பாதகி.

தெல்சோ கெட்டியாகத் தடவி ஒரு கடி கடித்தான். அவன் தாடை நின்றது. முகம் போன போக்கை நான் பார்த்தேன், திமிதரும் பார்த்தார். மெல்ல மென்றான், கஷ்டப்பட்டு விழுங்கினான். பிறகு அக்கா முகத்தைப் பார்த்து, "அம்மா செஞ்ச மாதிரியே இருக்குக்கா" என்றான்.

ரைனா கரண்டி நுனியில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்லடா."

"எனக்குச் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்து அதிலும் தடவிக்கொண்டான்.